தேர்ந்தெடுக்கும் வசதி: ஆரம்பகால வீட்டுக் கம்ப்யூட்டர்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற பெயரில் 1980களில் விற்ற இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பு கொண்டவை. கீபோர்டுக்குள்ளேயே முழு கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். திரைக்கு வீட்டு டிவி. சேமித்து வைக்கப் பாட்டு கேட்கும் டேப்ரிக்கார்டர். சுவிட்சைப் போட்ட ஓரிரு நொடியில் கர்சர் வந்து நிற்கும். பேசிக் மொழியில் ஒரு வரி தட்டினால் உடனே பதில் வரும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964இல் உருவாக்கிய அந்த மொழி, இந்த இயந்திரங்களின் ரோம் சில்லிலேயே பதிந்திருந்தது. எதையும் நிறுவ வேண்டியதில்லை, எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த உடனடித்தன்மையின் அருமை அதற்கு முந்தைய நிலையைப் பார்த்தால் விளங்கும். சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அக்காலத்து மாணவர் புரோகிராமை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, கவுன்டரில் கொடுத்துவிட்டு வருவார். ஒரு காற்புள்ளி பிசகியிருந்தாலும் அது காகிதத்தில் அச்சாகிக் கையில் கிடைத்த பிறகே தெரியும். பிறகு பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் 8085 பயிற்சிக் கிட்டுகள் வந்தன. பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்களுக்கான சிறு விசைகளும், சிவப்பு எண்கள் ஒளிரும் சின்னஞ்சிறு காட்சிப் பலகையும் மட்டுமே அவற்றில் உண்டு. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லும் இயந்திரத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்பதை முதலில் காட்டியவை வீட்டுக் கம்ப்யூட்டர்கள்தாம்.

வெளிநாட்டுக் கடைகளில்

1977இல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் அமெரிக்காவில் வெளியாயின. விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டியது 1980க்குப் பிறகுதான். பிரிட்டனில் கிளைவ் சின்க்ளேரின் இசட்எக்ஸ்81, 1981 மார்ச்சில் 69.95 பவுண்டுக்கு வந்தது. உதிரிகளாக வாங்கித் தானே சால்டர் செய்துகொள்பவருக்கு 49.95 பவுண்டு. அதன் நினைவகம் 1 கிலோபைட். இந்தப் பத்தியை அதில் ஏற்றினால் இடம் போதாது.

1982 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வெளியானது. 16 கிலோபைட் மாடல் 125 பவுண்டு, 48 கிலோபைட் மாடல் 175 பவுண்டு. பிபிசியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காக ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரில் வந்தது. 32 கிலோபைட் கொண்ட அதன் பி மாடல் விரைவிலேயே 399 பவுண்டைத் தொட்டது. அமெரிக்காவில் 1982இல் 595 டாலருக்கு அறிமுகமான கமடோர் 64, மறு ஆண்டு நடந்த விலைப்போரில் 200 டாலர் அளவுக்கு இறங்கியது. அந்தப் போரைத் தாங்க முடியாமல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983 அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே விட்டு விலகியது.

இவற்றுள் எது மேல் என்ற வாக்குவாதம் பள்ளிக்கூடத்து மைதானங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு குறை. கமடோர் 64இல் பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச்சில்லு இருந்தது. மூன்று குரலில் அது எழுப்பும் இசைக்கு மற்றவை ஈடாகாது. ஆனால் அதற்கென்று விற்ற தனி கேசட் கருவியைத்தான் அதனோடு பயன்படுத்த முடியும். ஸ்பெக்ட்ரம் எந்த டேப்ரிக்கார்டரையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் திரையின் ஒவ்வொரு எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்திலும் இரண்டு நிறங்களுக்கு மேல் காட்டாது. சிவப்புச் சட்டைக்காரன் பச்சை மரத்தருகே போனால் மரமும் பாதி சிவந்துவிடும். பிபிசி மைக்ரோவின் கீபோர்டும், சோஃபி வில்சன் எழுதிய அதன் பேசிக்கும் தரத்தில் முதலிடம். அதன் உயர்தரப் படத் திரையோ 32 கிலோபைட்டில் 20ஐ விழுங்கிவிடும்; மீதியில்தான் புரோகிராம் எழுத வேண்டும்.

கடைசியில் முடிவைத் தீர்மானித்தது பெரும்பாலும் பக்கத்து வீடு. ஸ்பெக்ட்ரத்தின் இதயம் இசட்80 சில்லு. மற்ற இரண்டும் 6502 குடும்பம். ஒன்றுக்கு எழுதிய கேம் மற்றொன்றில் ஓடாது. 6502 குடும்பத்துக்குள்ளேயும் ஒன்றின் கேசட் இன்னொன்றுக்கு உதவாது. நண்பர்களிடம் எந்த இயந்திரம் இருக்கிறதோ அதையே வாங்கினால்தான் கேசட் மாற்றிக்கொள்ள முடியும். பள்ளியில் பிபிசி இருந்தால் பெற்றோர் அதையோ, 1983இல் 199 பவுண்டுக்கு வந்த அதன் தம்பி எலெக்ட்ரானையோ தேடினார்கள்.

இந்தியாவுக்கு வந்த வழிகள்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு விதமாக எழுந்தது. எதை வாங்குவது என்பதற்கு முன், எது எந்த வழியாக வந்து சேரும் என்று பார்க்க வேண்டியிருந்தது. 1982இல் ஒரு பவுண்டு சுமார் 16 ரூபாய். 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தின் லண்டன் விலையே ஏறக்குறைய 2,800 ரூபாய்; அதற்கு மேல் சுங்கவரி. மாதச் சம்பளக்காரர் கடைக்குப் போய் எடுத்து வரும் பொருளாக அது இல்லை.

வழிகள் நான்கு. முதலாவது, சூட்கேஸ். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, லண்டன், அமெரிக்கா என்று உறவினர் எங்கே இருந்தாரோ, அங்கே கிடைத்தது இங்கே வந்தது. தேர்வு அங்கேயே, பெரும்பாலும் கம்ப்யூட்டர் பற்றி அதிகம் தெரியாத மாமாவோ சித்தப்பாவோ கடைக்காரரின் பேச்சைக் கேட்டுச் செய்தது. டூ-இன்-ஒன், கடிகாரம், சேலை வரிசையில் அதுவும் ஒன்று. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜாரும், மவுன்ட் ரோடுக்கு அந்தப் பக்கம் உள்ள ரிச்சி தெருவும் இந்த வழியின் நீட்சிகள். முன்னதில் பொருள், பின்னதில் அதற்கான ஐசி, ஒயர், கனெக்டர்.

இரண்டாவது, பள்ளி. மத்திய மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 1984-85இல் கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் அறிமுகத் திட்டத்தைத் தொடங்கின. நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளில் பிபிசி மைக்ரோக்கள் இறக்கப்பட்டன. மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் அதையே உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. 1989 பிப்ரவரியில் ஏற்பட்ட தீவிபத்து அந்நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலையைச் சாம்பலாக்கியது.

மூன்றாவது, இந்தியாவில் தயாரான ஸ்பெக்ட்ரம். டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1986இல் உரிமத்தோடு டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990 அளவில் சந்தை ஓயும்வரை அது ஆயிரக்கணக்கில் விற்றது. பில் போட்டு, பெட்டியோடு, உள்நாட்டு நிறுவனத்திடம் வாங்கக்கூடிய அசல் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று அன்றைய நடுத்தரக் குடும்பம் சுட்டிக்காட்டக்கூடியவற்றில் முக்கியமானது அதுதான்.

நான்காவது வழி காகிதம். இயந்திரமே இல்லாமல் கம்ப்யூட்டர் படித்தவர்களே எண்ணிக்கையில் மிகுதி. பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெளிநாட்டு இதழ்களில் பக்கம் பக்கமாக பேசிக் புரோகிராம்கள் அச்சாகியிருக்கும். அவற்றை நோட்டில் எழுதி, எந்த வரிக்குப் பிறகு எந்த வரி ஓடும் என்று பென்சிலால் தொடர்ந்து பார்ப்பது ஒரு பயிற்சியாகவே இருந்தது. தமிழில் அந்த ஆர்வத்துக்குத் தீனி போட்டவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த அவருடைய ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ போன்ற நூல்கள், பிட் என்றால் என்ன, நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்பதை வார இதழ் வாசகருக்கும் புரியும் நடையில் சொல்லின.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் 1983இல் கேப்ரோ 2 கம்ப்யூட்டரையும் மோடத்தையும் வைத்துக்கொண்டு, தன் ‘2010’ நாவலைப் படமாக்கிய பீட்டர் ஹயாம்ஸோடு லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தினமும் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வழியே உலகத்தோடு பேசுவது இந்தப் பக்கத்தில் அன்றைக்கு அந்த அளவுக்கு விதிவிலக்கு.

டிவியோடு ஒத்துப்போவது

பெட்டியைப் பிரித்த பிறகு வரும் முதல் தடை டிவி. இந்தியாவில் 1982இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது பால் (PAL) என்ற முறை கடைப்பிடிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் என்டிஎஸ்சி முறைப்படி படம் அனுப்பும். அதை இங்குள்ள டிவியில் மாட்டினால் படம் மேலும் கீழும் உருளும். உருளாமல் நிறுத்திவிட்டாலும் நிறம் வராது. மின்சாரமும் 110 வோல்ட் கேட்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்காமல் நேராகச் சொருகியவர்களுக்குப் புகை மட்டும் மிஞ்சும்.

பிரிட்டனிலிருந்து வந்ததற்கு மின்சாரம் ஒத்துப்போகும், படமும் பால்தான். ஆனால் ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யுஎச்எஃப் 36ஆம் சேனலில் அனுப்பும். தூர்தர்ஷனோ அன்று விஎச்எஃப்பில்தான் வந்தது. டக் டக்கென்று திருகும் குமிழ் வைத்த சாலிடேர், டயனோரா போன்ற கறுப்பு வெள்ளை டிவிகளில் பலவற்றுக்கு யுஎச்எஃப் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே டிவி மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும். கைதேர்ந்தவர் கம்ப்யூட்டரின் மாடுலேட்டரைத் தாண்டி, நேரடி வீடியோ சிக்னலை டிவியின் உள்ளே உரிய இடத்தில் இணைத்துத் தருவார். அதில் ஆபத்தும் உண்டு. பல டிவிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டத்துக்கே மின்சாரம் பாயும். பிரிக்காமல் இணைத்தால் டிவியோடு கம்ப்யூட்டரும் போகும்.

ஒலியிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்தது. பிரிட்டிஷ் பால் முறையில் ஒலி ஒரு அதிர்வெண்ணிலும் இந்திய முறையில் இன்னொன்றிலும் வரும். டிவியின் ஸ்பீக்கரை நம்பிய கமடோர் 64, லண்டனில் வாங்கியதாக இருந்தால் இங்கே ஊமையாகிவிடும். தன் பெட்டிக்குள்ளேயே சிறு ஸ்பீக்கர் வைத்திருந்த ஸ்பெக்ட்ரத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டிவி முறை இந்தியாவோடு ஒத்தது. அங்கே விற்றது இங்கே பொருந்தும் வாய்ப்பு அதிகம். இப்படியாக, சிறந்த ஒலிச்சில்லு எது என்பதைவிட உறவினர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது கனமான கேள்வி.

கேசட்

டேப்ரிக்கார்டர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு அனுகூலம் இருந்தது. 1980களில் அது இல்லாத தெரு அரிது. ஸ்பெக்ட்ரத்தில் ஒரு கேமை ஏற்ற ஜே விசையை அழுத்த வேண்டும். லோட் என்ற முழுச் சொல்லும் திரையில் வரும். அடுத்து இரண்டு மேற்கோள் குறி, என்டர். பிறகு டேப்ரிக்கார்டரில் பிளே. முதலில் நீண்ட ஒற்றை ஊளைச் சத்தம். அப்போது திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக நகரும். தரவு வரத் தொடங்கியதும் சத்தம் கரகரக்கும், பட்டைகள் மஞ்சளும் நீலமுமாக மாறி மெலியும். கறுப்பு வெள்ளை டிவியில் இதெல்லாம் சாம்பல் நிறத்து ஓட்டம். 48 கிலோபைட்டும் ஏற ஐந்து நிமிடம் ஆகும். நான்காவது நிமிடத்தில் ‘டேப் லோடிங் எரர்’ வந்தால் மீண்டும் முதலிலிருந்து.

பிழைக்குக் காரணம் பெரும்பாலும் ஹெட். டேப்ரிக்கார்டரின் ஹெட் அருகே ஒரு சிறு திருகு இருக்கும். அதை நூலளவு திருப்பி, கரகரப்பு எந்த நிலையில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு அதே கருவியில் பாட்டுக் கேசட் போட்டால் குரல் மந்தமாகக் கேட்கும். கம்ப்யூட்டருக்கென்று ஒன்று, பாட்டுக்கென்று ஒன்று என்று இரண்டு டேப்ரிக்கார்டர் வைத்துக்கொள்ள வசதியில்லாத வீட்டில் இது தினசரித் தகராறு.

கேசட்டைப் படியெடுக்கவும் வழி இருந்தது. கேம் என்பது கேசட்டில் பதிந்த வெறும் ஒலிதான். சினிமாப் பாட்டுகளைப் பட்டியல் கொடுத்தால் பதிவுசெய்து தரும் மியூசிக் சென்டர்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தன. அங்குள்ள இரட்டை டெக், இளையராஜா பாட்டைப் படியெடுப்பதுபோலவே ‘மேனிக் மைனர்’ கேமையும் படியெடுக்கும். படியின் படியின் படி என்று போகப் போகத்தான் கம்ப்யூட்டருக்குக் காது கேட்காமல் போகும்.

பள்ளியின் பிபிசியும் தட்டச்சுப் பயிலகமும்

பிபிசி மைக்ரோ வந்த பள்ளிகளில் அது வீட்டுக் கம்ப்யூட்டராக நடத்தப்படவில்லை. பூட்டிய அறை, ஏ.சி., திரைச்சீலை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போக வேண்டும். தூசு பட்டால் கெட்டுவிடும் என்று சொல்லப்பட்டது. உண்மையில் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறை மேசையில் போட்டு அடித்த இயந்திரம் அது; பிளாஸ்டிக் உறையும் கீபோர்டும் அதற்கேற்ற உறுதியோடுதான் செய்யப்பட்டிருந்தன. ஒரு விசையை அழுத்த ஒருவருக்கு வாய்ப்பு, மற்றவர் வேடிக்கை என்று வாரத்தில் ஒரு பீரியட் கழியும். ஆயினும் தன் பெயரைத் திரை முழுக்க ஓடவிடும் இரண்டு வரிப் புரோகிராமை அந்த ஒரு பீரியடில் கற்றவர்கள் அதை மறப்பதில்லை.

தமிழ்நாட்டில் கீபோர்டு புதிதல்ல. பிளஸ் டூ முடித்தவர்கள் அரசு வேலைக்கு உதவும் என்று தட்டச்சுப் பயிலகத்தில் சேர்வதும், லோயர், ஹையர் தேர்வு எழுதுவதும் ஊர்வழக்கம். ரெமிங்டனிலும் பேசிட்டிலும் பத்து விரலாலும் தட்டிப் பழகியவருக்கு ஸ்பெக்ட்ரத்தின் நாற்பது ரப்பர் விசைகள் ஏமாற்றம். அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கும். அதோடு வரியின் தொடக்கத்தில் பி என்று தட்டினால் பிரின்ட் என்று முழுச் சொல்லே வந்து விழும். தட்டத் தெரியாதவருக்கு உதவியான ஏற்பாடு; தெரிந்தவருக்கு எரிச்சல். பிபிசியில் அந்தச் சிக்கல் இல்லை. பின்னர் இதே பயிலகங்களில் பல ஒரு மூலையில் கம்ப்யூட்டரை வைத்து, பெயர்ப்பலகையில் கம்ப்யூட்டர் சென்டர் என்றும் சேர்த்துக்கொண்டன.

எட்டுக்கு எட்டில் ஒரு ட

இந்த இயந்திரங்களில் தமிழ் கிடையாது. ஆனால் எழுத்து வரைந்துகொள்ள வழி இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. இடமிருந்து வலமாகப் புள்ளிகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எரிய வேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்கான எண் கிடைக்கும். ‘ட’ எளிது. இடப்பக்கக் கோடு மட்டும் உள்ள ஆறு வரிசைக்கு 64. அடிக்கோட்டுக்கு 64, 32, 16, 8, 4, 2 சேர்ந்து 126. கடைசி வரிசை வெற்று, 0. ‘ப’வுக்கு வலப்பக்கமும் கோடு வேண்டும், ஆறு வரிசைக்கு 66, பிறகு 126, 0. ஸ்பெக்ட்ரத்தில் போக் கட்டளையால் இந்த எட்டு எண்ணையும் நினைவகத்தில் இட வேண்டும். பிபிசியில் விடியூ 23 என்ற கட்டளைக்குப் பின் எழுத்தின் குறியீட்டு எண்ணையும் அதே எட்டு எண்ணையும் வரிசையாகக் கொடுத்தால் போதும்.

‘ட’, ‘ப’ தாண்டினால் தகராறு. ‘ண’வின் சுழிகள் எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்காது. ‘ஐ’, ‘ஞ’ வந்தால் வெறும் கறை. இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒரு எழுத்து வரைந்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஸ்பெக்ட்ரம் தானாகத் தருவது 21 எழுத்துக்கு மட்டுமே இடம். இன்னும் வேண்டுமானால் 96 குறிகள் கொண்ட எழுத்துத் தொகுதியையே 768 பைட்டில் புதிதாக எழுதி, இனி இங்கே பார் என்று இயந்திரத்துக்கு முகவரி மாற்றிச் சொல்லலாம். அப்போது ஆங்கில விசையைத் தட்டினால் திரையில் தமிழ் வரும். 1990களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த ஃபான்ட்டுகள் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான்.

முழுமையான தமிழ் எழுத்துக்கருவிகள் பிசியில்தான் சாத்தியமாயின. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி 1984இலும், மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு 1985இலும் வந்தன. ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு விசை என்று பெருகிய குழப்பத்துக்கு முடிவுகட்ட 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொதுவான விசைப்பலகை ஒன்றைப் பரிந்துரைத்தது.

பிசி வந்த பிறகு

வீட்டுக் கம்ப்யூட்டர்களின் காலத்தை முடித்தவை 1981 ஆகஸ்டில் அறிமுகமான ஐபிஎம் பிசியும் அதன் நகல்களும். 1984 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்பது பல நிறுவனங்களுக்குக் கைகூடியது. சென்னையில் சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் விற்ற சிவா பிசி, அதன் குறைந்த விலைக்காகவே நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதன் பிறகு கேள்வி மாறியது. எந்த இயந்திரம் என்பது போய், எந்த கம்பெனியின் அதே இயந்திரம் என்றாயிற்று. கணக்கு எழுதுவது, கடிதம் அடிப்பது, வேலைக்குப் போவது எல்லாம் பிசியோடு இணைந்துவிட்டதால், பேசிக்கும் கேமும் தெரிந்த பழைய இயந்திரத்துக்கு வேலையில்லாமல் போனது.

கடைசி மூச்சாக 1990களில் பர்மா பஜாரில் ஒரு வகைப் பெட்டி விற்றது. பார்க்கக் கம்ப்யூட்டர் கீபோர்டு. உள்ளே நின்டென்டோ கேம் இயந்திரத்தின் நகல். கூடவே பேசிக் கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கும். பிள்ளை கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் என்று பெற்றோர் வாங்கினார்கள். பிள்ளை மாரியோ விளையாடியது.

இன்று எஞ்சியவை

இயந்திரங்கள் அதிகம் மிஞ்சவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் விசைகளுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் ஏடு வெயிலிலும் ஈரத்திலும் மொரமொரத்து உடைந்துவிடும். கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும். கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். காயலான் கடைக்குப் போனவை போக, பரணில் இருப்பவற்றுள் சுவிட்ச் போட்டால் உயிர்பெறுபவை சொற்பம். ஆனால் அவற்றின் ரோமும் கேம்களும் எமுலேட்டர்கள் வழியாகச் செல்போனிலேயே ஓடுகின்றன. கமடோர் 64இன் சிறு வடிவம் 2018இலும், ஸ்பெக்ட்ரத்தின் புதுவடிவம் 2024இலும் கடைக்கு வந்தன. 2012இல் வந்த ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரின் ஏ, பி என்ற மாடல் பெயர்கள் பிபிசி மைக்ரோவுக்குச் செலுத்திய மரியாதை. சுவிட்சைப் போட்டதும் புரோகிராம் எழுதத் தொடங்கிய தலைமுறை போய், கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அந்தப் பழக்கமே இல்லையே என்ற கவலைதான் எபன் அப்டனை அதை உருவாக்கத் தூண்டியது. பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்து வடிவமைத்து 1985இல் முதல் சில்லாக வந்த ஆர்ம் பிராசஸரின் வழிவந்தவையே இன்று ஏறக்குறைய எல்லா செல்போனிலும் உள்ளன.

அடிவாரத்தின் கணக்கு

அந்தப் பழைய இயந்திரங்களைப் பற்றிய ஏக்கம் எல்லா ஊருக்கும் பொதுவானதன்று. உதாரணத்துக்கு, நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் கொல்லிமலைக்கு அடிவாரத்தில் காரவள்ளி. இங்கிருந்துதான் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. 1980களில் இது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர் கேட்ட ஒவ்வொன்றையும் இப்படிப்பட்ட ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் தேர்வு என்ற சொல்லின் எல்லை தெரியும்.

முதல் தேவை நிலையான மின்சாரம். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். விளக்கு மங்கினால் மனிதர் பொறுத்துக்கொள்வார், கம்ப்யூட்டர் பொறுக்காது. ஒரு நொடி மின்சாரம் நின்றால் இரண்டு மணிநேரம் தட்டிய புரோகிராம் காணாமல் போகும். அடுத்தது டிவி. அது இருந்த வீட்டில் அது வீட்டுக்காரர்களுக்கு மட்டுமன்றித் தெருவுக்கும் சொந்தம். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் ஓடும் நேரத்தில் அதைப் பேசிக் எழுதக் கேட்க முடியாது. மூன்றாவது மெக்கானிக். பழுதென்றால் நாமக்கல் அல்லது சேலம், அங்கும் ஆகாவிட்டால் ரிச்சி தெரு. நான்காவது, கேசட் மாற்றிக்கொள்ள இன்னொருவர். லண்டன் பிள்ளையின் தேர்வைத் தீர்மானித்த பக்கத்து வீட்டு நண்பன் இங்கே கிடைப்பது அரிது. இவ்வளவுக்கும் பிறகுதான் விலை.

ஆகவே ஸ்பெக்ட்ரமா கமடோரா என்ற நினைவு சென்னை, கோவை போன்ற நகரங்களிலும் வெளிநாட்டில் உறவுள்ள குடும்பங்களிலுமே வேர் பிடித்தது. அடிவாரத்து ஊர்களில் பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர், தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே வந்தது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான அந்தக் கணினியில், சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதில் மின்கலம் உண்டு, ஆகவே மின்வெட்டு பாதிக்காது. திரை உண்டு, ஆகவே டிவிக்குச் சண்டையில்லை. 1980களின் பெரிய தடைகள் இரண்டையும் அது ஒரே வீச்சில் நீக்கியது. நீக்காதது ஒன்று: எதை வாங்குவது என்று மாணவரை யாரும் கேட்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாடல், ஒரே பை.

அதில் நட்டமும் உண்டு, லாபமும் உண்டு. தேர்ந்தெடுக்கும்போது ஒருவர் கற்கும் பாடங்கள், அதாவது எந்த சில்லு, எவ்வளவு நினைவகம், எது எதோடு சேரும் என்பவை, கையில் தரப்பட்ட பொருளிலிருந்து தானாக வருவதில்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரே இயந்திரம் இருந்ததால், பென் டிரைவில் ஒருவர் கொண்டுவந்தது மற்ற எல்லோரிடமும் ஓடியது. கேசட் மாற்றிக்கொள்ள ஆள் தேடி இயந்திரம் வாங்கிய காலத்தவர் விரும்பிய வசதி அதுதான். அவர்களுள் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை.